ஐந்தும் சுத்தம்

பினே பிராக்
9 நவம்பர் 1975, ஞாயிறு

இறைவன் துணை.

அன்புள்ள புளூமா அக்காவுக்கு ஹென்யா எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் நஃப்தூலும் சுகம். நீயும் அத்தானும் எட்டுப் பிள்ளைகளும் சுகமா? குட்டி மெண்டலுக்குப் பல் முளைத்துவிட்டதா? ஆண்ட்வெர்ப்பில் மழை பிடித்திருக்கும். இங்கே இன்னும் வெயில் விட்டபாடில்லை. துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் விரிப்பு காய்ந்துவிடுகிறது. எனக்கு அது ஒன்றுதான் சௌகரியம்.

போன மாதமும் அதே கதை, அக்கா. மாதப் போக்கு நின்று, ஐந்தாம் நாள் அந்தி சாய்வதற்குள் துணியால் பார்த்து, சுத்தம் என்று உறுதியானபின் வெள்ளை உள்ளாடை, வெள்ளை விரிப்பு மாற்றி, ஏழு சுத்த நாள் எண்ணத் தொடங்கினேன். ஆறாம் நாள் காலை துணியில் கறை. எண்ணிய ஆறும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அவரைத் தொட அனுமதிக்கும் முழுக்குக்குப் போய் நின்றபோது பத்தொன்பதாம் நாள். டாக்டரம்மா என்ன சொன்னாள் என்று உனக்குத்தான் தெரியுமே. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லம்மா. பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. கருத்தரிக்கிற அந்த நாளத்தான் நீங்க ஒவ்வொரு மாசமும் கோட்டை விடுறீங்க." அந்த நாள்களில் நாங்கள் உப்புக் கிண்ணத்தைக்கூடக் கைக்குக் கை கொடுப்பதில்லை. மேசையில் வைத்து நகர்த்திவிடுகிறோம்.

வெள்ளி இரவு மாமியார் வீட்டில் சாப்பாடு. சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அடுத்த ஏலூல் மாசம் வந்தா பத்து வருஷம் ஆகுதில்ல?"

"கல்யாண நாளெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களே அத்தை."

"நான் வச்சுக்காம வேற யாரு வச்சுக்குவா?"

பத்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தால், இவளை விலக்கிவிட்டு வேறொருத்தியைக் கட்டு என்று பெரியவர்கள் பேச ஆரம்பிப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நஃப்தூல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாமனார் யூதச் சட்டம் சொல்லும் ரபி ஆயிற்றே, சட்டம் பேசினால் பேசிக்கொண்டே போவார். அன்று மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். களைப்பாக இருக்கிறது அக்கா. அழுகைகூட வரவில்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். உன்னிடமிருந்து நல்ல சேதி வரட்டும்.

தங்கை ஹென்யா


ஆண்ட்வெர்ப்
23 நவம்பர் 1975

இறைவன் துணை.

அன்புத் தங்கை ஹென்யாவுக்கு, அக்காவின் ஆசிகள். எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். இருவருக்குச் சளி, ஒருத்திக்குக் காது வலி, மெண்டலுக்கு நாலு பல். நாலாலும் என்னைக் கடிக்கிறான். அத்தான் பள்ளிக்கூடத்தில் பையன்களோடு கத்திவிட்டு, வீட்டுக்கு வந்து நம் பையன்களோடு கத்துகிறார். மற்றபடி குறையில்லை.

உன் மாமியார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் பார்க்கட்டும். நீ வாயை மூடிக்கொண்டு சூப்பைக் குடி. நஃப்தூல் அந்த மாதிரி ஆள் இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கறை கறை என்கிறாய். என்ன நிறம்? யார் பார்த்தது? எல்லாக் கறையும் தீட்டாகிவிடாதே! பெண்களாகிய நாம் பார்த்துப் பயப்படுவதில் பாதியை ரபிமார் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, போ" என்று சொல்லிவிடுகிறார்கள். யாரிடம் காட்டினாய், அவர் என்ன சொன்னார் என்று விவரமாக எழுது.

என் கதையையும் கேள். எனக்கும் இதே பாடுதான். செப்டம்பரில் வந்த கூடாரத் திருநாளிலிருந்து கறை, எண்ணு, மறுபடி கறை, மறுபடி எண்ணு. அத்தான் பாவம், வாய் திறப்பதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. தூக்கமாவது வருகிறது.

மெண்டல் எழுந்துவிட்டான். நல்லதே நடக்கட்டும்.

அக்கா புளூமா


பினே பிராக்
7 டிசம்பர் 1975

இறைவன் துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். காது வலிக்காரிக்கு வெங்காயச் சாறு ஊற்றிப் பார்த்தாயா?

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. யாரும் பார்க்கவில்லை, அக்கா. ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லை.

எங்கள் தெருவுக்கு ரபி யார்? என் மாமனார். தெருப் பெண்கள் எல்லோரும் உறையில் போட்டு அவர் கதவுத் துவாரத்தில்தான் துணியைப் போடுகிறார்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று பார்த்து, உறைமேல் ஒரு வார்த்தை எழுதி வைப்பார். நல்ல மனிதர், யார் உறை என்று கேட்கவே மாட்டார். ஆனால் என் துணியை யார் கொண்டுபோவது? அவர் மகன். வெள்ளி இரவு அவருக்கு மீன் பரிமாறுகிறவள் நான். அவர் பார்த்துச் சுத்தம் என்று சொல்லிவிட்டால், அன்று இரவு நான் எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். அதன்பிறகு நான் எப்படி அந்த மேசையில் உட்காருவது? வேறு ரபியிடம் போகலாம் என்கிறாயா? சொந்த மருமகளே வேறு வாசலில் நிற்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசும்.

அதனால் நானே தீட்டு என்று வைத்துக்கொள்வேன். கடுமையாக இருந்தால் தப்பில்லை என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? நஃப்தூல் கேட்டால் "பாத்தாச்சு" என்பேன். யார் பார்த்தது என்று அவர் கேட்டதில்லை. அப்பாதான் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார் போலிருக்கிறது. நான் அதைத் திருத்தியதில்லை.

திட்டாதே.

ஹென்யா


ஆண்ட்வெர்ப்
21 டிசம்பர் 1975

இறைவன் துணை.

ஹென்யா, திட்டாமல் என்ன செய்வது? உனக்கு மூளை இருக்கிறதா? ஒன்பது வருஷம்! அம்மா உயிரோடு இருந்திருந்தால் பினே பிராக்குக்கே வந்து உன் காதைப் பிடித்துத் திருகியிருப்பாள். நாங்கள் இங்கே கால் கடுக்க நின்று உனக்காகச் சங்கீதப் புத்தகத்தைப் படித்து வேண்டிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே நீயே ரபியாகித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

சரி, போனது போகட்டும். எனக்கு அனுப்பு. துணியை மெழுகுத்தாளில் சுற்றிக் கடிதத்தோடு வை. பெயர் எழுதாதே. எங்கள் ரபியின் மனைவி நல்லவள், சமையலறைப் பின்வாசல் வழியாக வாங்கி அவரிடம் கொடுத்துவிடுவாள். யாருடையது என்று எந்தப் பிராணிக்கும் தெரியாது. பதில் வந்த அன்றே எழுதிவிடுகிறேன்.

நானும் களைத்துத்தான் போயிருக்கிறேன். மெண்டல் பிறந்தபோது போன ரத்தம் இன்னும் ஊறவில்லை போல. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். அதை விடு. அனுப்பு.

நல்ல சேதி சீக்கிரம் வரும்.

புளூமா


பினே பிராக்
4 ஜனவரி 1976

இறைவன் துணை.

அன்புள்ள அக்காவுக்கு, சுகம், சுகமே விரும்புகிறேன். படிக்கட்டில் உட்காருவதைப் பற்றி டாக்டரிடம் சொன்னாயா? நீ எனக்கு அறிவுரை எழுதும் அழகில் உன்னைக் கவனித்துக்கொள்.

மெழுகுத்தாளில் ஐந்து துணிகள் இருக்கின்றன. கடைசி ஐந்து மாதத்தவை. சிரிக்காதே, நான் எதையும் எறியவில்லை. நீல பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான். மூலையில் பென்சிலால் எத்தனையாம் நாள் என்று மட்டும் குறித்திருக்கிறேன். ஆறு, ஆறு, நான்கு, ஆறு, ஐந்து.

தபால்காரனிடம் கொடுத்தேன். "உள்ளே என்ன?" என்று கேட்டான். "துணி சாம்பிள்" என்றேன். தையற்காரி என்று நினைத்திருப்பான்.

பதில் வந்த அன்றே எழுதுவாய், இல்லையா? ஏலூலுக்கு எட்டு மாதம் இருக்கிறது.

ஹென்யா


பினே பிராக்
8 பிப்ரவரி 1976

இறைவன் துணை.

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகமா? என் ஜனவரிக் கடிதம் வந்ததா? வழியில் தொலைந்திருந்தால் சொல், மறுபடி அனுப்புகிறேன். தினமும் வாசலில் நின்று தபாலுக்குக் காத்திருக்கிறேன். இந்த மாதம் ஆறாம் நாள் கறை. நான் வழக்கம்போல முதலிலிருந்து எண்ணினேன். நீ எழுதாதபோது நான் வேறென்ன செய்வது?

ஹென்யா


பினே பிராக்
7 மார்ச் 1976

இறைவன் துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? அப்படியிருந்தால் ஒரு வரி போதும். இந்த மாதமும் ஆறாம் நாள். மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறேன். மாமியார் தன் தம்பி மகளைப் பற்றிப் பேசினார், இருபத்தொரு வயதாம், கெட்டிக்காரியாம். என்னிடம் ஏன் சொல்கிறார் என்று கேட்கவில்லை.

ஹென்யா


ஆண்ட்வெர்ப்
14 மார்ச் 1976

இறைவன் துணை.

அன்புத் தங்கை ஹென்யாவுக்கு,

பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ஒருவர் மாற்றி ஒருவருக்கு. அதனால் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

ரபி பார்த்துவிட்டார். ஐந்தும் சுத்தம். பழைய காப்பிக்கறை நிறம், சிவப்பின் சாயல்கூட இல்லை என்றார். ஆறு, ஆறு, நான்கு, ஆறு, ஐந்து, எல்லாம் சுத்தம். எண்ணிக்கை ஒருமுறைகூட அறுபடவில்லை. இனி நீ செய்ய வேண்டியது: முதல் மூன்று நாளுக்குப் பிறகு நிற உள்ளாடை போடு. நிறத் துணியில் படும் கறை கணக்கில் வராது. தினம் இரண்டு வேளை துணி வைத்துப் பார்த்து உன்னை நீயே புண்ணாக்கிக்கொள்ளாதே, அந்தப் புண்தான் கறையாக வருகிறதோ என்னவோ. உன் நிலைமைக்கு முதல் நாளும் ஏழாம் நாளும் பார்த்தால் போதுமாம்.

பூரிம் பண்டிகைக்கு மாவு பிசைய வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

புளூமா


பினே பிராக்
4 ஏப்ரல் 1976

இறைவன் துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். பிள்ளைகளின் தட்டம்மை ஆறிவிட்டதா? பெசாக் திருநாளில் ரொட்டித்தூள்கூட வீட்டில் இருக்கக் கூடாதே, சுத்தம் செய்து இடுப்பு ஒடிகிறது. அலமாரிக்கு அடியில் ரொட்டித்தூள் தேடிக்கொண்டே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். ஐந்தும் சுத்தம் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கு வந்தது ஆத்திரம். ஒன்பது வருஷம், நூறு மாதத்துக்கு மேல். யாரும் எனக்கு அநியாயம் செய்யவில்லை, நானேதான் செய்துகொண்டேன். யார்மேல் கோபப்படுவது?

நஃப்தூலிடம் சொல்லிவிட்டேன். மேசைக்கு எதிரே நின்றுகொண்டே சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அப்ப எங்க அப்பா பாக்கவே இல்லையா?" என்றார்.

"இல்லீங்க."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

"ஒம்பது வருஷமா அவர் மேல கோவமா இருந்தேன் ஹென்யா. சொந்த மகன் வீட்டு விஷயத்துல ஒரு மாசமாவது இரக்கம் காட்டலியேன்னு. அவர் என்னை ஆசீர்வாதம் பண்ண தலைமேல கைய வைக்கிறப்பல்லாம் உள்ளுக்குள்ள திட்டிக்கிட்டே நின்னேன்."

எழுந்து அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன். அங்கே போய் ஒன்றும் சொல்லாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். மாமனார் "என்னடா, ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். என்மேல் நஃப்தூல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. அது போதும் எனக்கு, அதுவே தாங்கவில்லை.

மூன்று நாளுக்கு முன் முழுக்குக்குப் போனேன். பதிமூன்றாம் நாள்! கூட நின்று பார்க்கிற அம்மாள், "என்னம்மா, இந்தத் தடவ இவ்வளவு சீக்கிரம்!" என்று ஆச்சரியப்பட்டாள். ஏலூலுக்குள் இன்னும் ஐந்து முழுக்கு இருக்கிறது.

நீயும் உன் துணிகளை அந்த ரபியிடம் காட்டிவிடு அக்கா. கூடாரத் திருநாளிலிருந்து நீயும் அவதிப்படுகிறாயே. எனக்குச் சொன்ன புத்தி உனக்கு இல்லையா?

ஹென்யா


ஆண்ட்வெர்ப்
5 மே 1976

இறைவன் துணை.

ஹென்யா,

சுகமா என்று கேட்டுத் தொடங்கினால் இந்தக் கடிதம் எழுதி முடியாது. அதனால் நேராகச் சொல்கிறேன். மூன்றுமுறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எனக்குக் கறையே கிடையாது. கூடாரத் திருநாளிலிருந்து ஒரு பொட்டுகூட இல்லை. மெண்டல் பிறந்தபோது போன ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், இரண்டு வருஷத்துக்கு இன்னொன்று கூடாது, உயிருக்கு ஆபத்து என்று. அத்தான் ரபியிடம் கேட்டிருந்தால் தடுத்துக்கொள்ள ஏதாவது வழி அனுமதித்திருப்பார். அத்தானைக் கேட்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை வேண்டாம் என்று சொல்கிற பெண் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று. அதனால் ஒவ்வொரு மாதமும் கறை என்று சொல்லிவிட்டேன். நீ கேட்கக் கூசித் தீட்டானாய். நானும் கேட்கக் கூசித்தான் தீட்டானேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாம்.

இப்போது கேள். உன் துணிகள் ஜனவரி பதிமூன்றாம் தேதி வந்தன. உன் பெயர் இருந்த உறையைக் கிழித்துப்போட்டுவிட்டு, மெழுகுத்தாளோடு மேசைவிரிப்புகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் ரபியின் மனைவியிடம் கொடுக்கலாம் என்றிருந்தேன். மறுநாள் பிள்ளைகளை டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பி வந்தால், அத்தான் மழையில் நனைந்து வாசலில் நிற்கிறார். கையில் ஹெர்ரிங் மீன் பொட்டலம், கேக். முகமெல்லாம் சிரிப்பு.

"புளூமா! அஞ்சும் சுத்தமாம்!"

"எது?"

"நீ ஒளிச்சு வச்சிருந்தியே, அதான். மேசவிரிப்பு எடுக்கப் போனேன், கையில ஆப்புட்டுச்சு. ரபிகிட்ட நானே கொண்டு போனேன். பைத்தியக்காரி, வெக்கப்பட்டுக்கிட்டு இத்தன மாசம் நீயா கஷ்டப்பட்டியே! இன்னிக்கே போயிட்டு வா. பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

நான் என்ன சொல்வேன்? அது என் துணி இல்லை என்றால் உன் மானம் போகும். எனக்குத் துணியே இல்லை என்றால் என் பொய் வெளிப்படும். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் என் கோட்டை எடுத்து நீட்டினார். போனேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, ஹென்யா. பொய் சொன்னேனே தவிர எண்ணுவதை நிறுத்தவில்லை. முழுகி எழுந்தேன். மேலே நின்ற அம்மாள் மூன்றுமுறை "சுத்தம்" என்று சொன்னாள்.

இப்போது நாலாம் மாதம். அக்டோபரில் பிறக்கும், நான் தாங்கினால்.

தட்டம்மை வந்தது நிஜம். ஆனால் அது பத்து நாளில் போய்விட்டது. உனக்கு ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உன் துணிகள்மேல் எரிச்சலாக வந்தது. உன்மேலும் வந்தது. அதற்குள் நாள் தள்ளிப்போனது தெரிந்துவிட்டது. உன் வயிறு காலியாக இருக்கும்போது உன் துணியால் என் வயிறு நிறைந்தது என்று எப்படி எழுதுவது? அதைச் சொல்ல முடியாமல் நல்ல சேதியையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஜூன் முதல் படுத்தே இருக்கச் சொல்கிறார் டாக்டர். பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. உன்னிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

புளூமா


பினே பிராக்
18 மே 1976

புளூமா அக்காவுக்கு.

ஜனவரி பதினாலாம் தேதி தெரிந்த விஷயத்தை மார்ச் பதினாலாம் தேதி எழுதியிருக்கிறாய். இடையில் நான் இரண்டுமுறை முதலிலிருந்து எண்ணினேன். சுத்தமாக இருந்துகொண்டே இரண்டுமுறை பத்தொன்பதாம் நாள் போய் முழுகினேன். மொத்தம் எட்டு மாதம் இருந்தது எனக்கு. அதில் இரண்டை நீ எடுத்துக்கொண்டாய்.

ஏப்ரலில் போன முழுக்குக்குப் பலனில்லை. மே தொடக்கத்தில் போனதற்கும் இல்லை. நேற்று மறுபடி போக்கு வந்துவிட்டது. இன்னும் நாலு இருக்கிறது.

கேட்பதற்காக எழுதவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. நான் வர முடியாது. நாலையும் விட்டுவிட்டு அங்கே வந்து உன் பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஹென்யா


ஆண்ட்வெர்ப், மருத்துவமனை
30 மே 1976

ஹென்யா,

படுத்துக்கொண்டே எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். நீ எழுதியது அவ்வளவும் நியாயம்.

செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது ரத்தம் போனது. நாலு மாதம் வராத கறையை வந்ததாகச் சொன்னவள் நான். "ரத்தம்" என்று சமையலறையிலிருந்து கத்தியபோது அத்தான் புத்தகத்தை மூடக்கூட இல்லை. "ரபிகிட்ட காட்டலாம், பயப்படாத" என்றார். அப்புறம் வந்து தரையைப் பார்த்தார்.

குழந்தை இருக்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். பிரசவம்வரை எழுந்து நிற்கக் கூடாது. அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் துணி, என் பொய், எல்லாம். "எங்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன முழுங்கியா இருப்பேன்?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் நாலு வீட்டில் பிரிந்து இருக்கிறார்கள். மெண்டல் தெரியாத வீட்டில் சாப்பிட மாட்டேன் என்கிறானாம்.

நீ வர வேண்டாம். இதைப் பிடிவாதமாகச் சொல்கிறேன். உன் நாள்களை வைத்துக்கொள்.

புளூமா


பினே பிராக்
13 ஜூன் 1976

இறைவன் துணை.

அன்புள்ள அக்காவுக்கு, சுகமா என்று கேட்பது கேலி போல ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை. இங்கே நாங்கள் சுகம்.

23ஆம் தேதி புதன்கிழமை விமானம். சாயங்காலம் உன் வீட்டில் இருப்பேன். நாலு வீட்டுக்கும் சொல்லி வை, வியாழக்கிழமை பிள்ளைகளை வந்து கூட்டிக்கொள்கிறேன். மெண்டலை முதலில்.

மே கடைசியில் போன முழுக்குக்கும் பலனில்லை. மீதி மூன்று. நீ பிரசவித்து எழும்வரை நான் அங்கேதான், அதனால் மூன்றும் போகும். உன் கடிதத்தை நஃப்தூலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்துவிட்டு அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினார்.

"மூணு மாசங்க" என்றேன்.

"தெரியும்."

"ஏலூல் வந்துரும்."

"வரட்டுமே. அதுக்காக உங்க அக்காவ விட்டுடுவியா? எண்ணி எண்ணி ரெண்டு பேரும் கெழடாப் போயிட்டோம் ஹென்யா. எனக்கு நீ போதும். பத்து ஆனாலும் இருபது ஆனாலும் நான் எங்கயும் போறதா இல்ல. அத அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"சூப்பு ஆறுதுன்னாங்க."

அவரை நம்புகிறேன். அவர் அம்மாவைத்தான் நம்ப முடியவில்லை. மாமனாரிடம் ஊருக்குப் போகப்போவதைச் சொல்லப் போனேன். தலையை நிமிர்த்தாமல், "கதவுல துவாரம் எல்லாருக்கும்தாம்மா வச்சிருக்கேன்" என்றார். நஃப்தூல் சொல்லிவிட்டார் போல. எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் நின்று "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன்னை மன்னித்துவிட்டு வரவில்லை. கோபத்தையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். எட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டே அதை வைத்திருக்க முடியுமா என்று தெரியவில்லை, பார்க்கலாம். நீ என்னைக் கும்பிடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். அசையாமல் படுத்திரு, அது போதும்.

ஏலூல் ஐந்தாம் தேதி எங்களுக்குப் பத்து வருஷம் நிறைகிறது. அன்றைக்கு நான் உன் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பேன். நாள் உனக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று மட்டும் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாதே.

ஹென்யா